மிளகுக் கடையில் இரட்டை அடைப்புக்குறி

"தம்பி, போன தடவ அனுப்புன மாதிரி ஈரச் சரக்கு மட்டும் வேண்டாம்யா."

விருதுநகர் அண்ணாச்சி ஃபோனில் இதைச் சொல்லி முடிப்பதற்குள் நான் கம்ப்யூட்டரில் மூன்று எழுத்து தட்டிவிட்டேன். அவருடைய பக்கம் திறந்துகொண்டது.

"அது ஆகஸ்ட்ல போன 12 மூட்டை அண்ணாச்சி. ஈரம் 13 இருந்துச்சு, தப்பு எம்மேலதான். இந்தத் தடவ 11-க்கு மேல ஒரு மூட்டை லாரி ஏறாது. பேத்திக்கு இருக்கன்குடியில மொட்டை போட்டாச்சா?"

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "ஏய்யா, இதையெல்லாம் மண்டைக்குள்ளயா வச்சிருக்க?"

மண்டைக்குள் என்ன இருக்கிறது, நேற்று என்ன குழம்பு சாப்பிட்டேன் என்பதே நினைவில்லை. எல்லாம் அப்சிடியனுக்குள் இருக்கிறது. ஒன்றரை வருஷமாகப் பார்க்கிறவர்களிடமெல்லாம் இதைச் சொல்லி, வீட்டில் திட்டும் வாங்கியாகிவிட்டது. இப்போது உங்கள் முறை.

கொச்சி மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் தாத்தா காலத்திலிருந்து எங்களுக்கு மிளகு, சுக்கு, ஜாதிக்காய் வியாபாரம். இடுக்கி, வயநாட்டுச் சரக்கை வாங்கித் தமிழ்நாட்டு மண்டிகளுக்கு அனுப்புகிறோம். தாத்தாவுக்கு எல்லாம் மனப்பாடம். அப்பா நீளநோட்டுக்காரர். யூதத் தெருவில் இப்ஸ்டா என்ற மிளகு வணிகர் சங்கம் 1957-இல் மிளகுக்கு முன்பேர வணிகம் தொடங்கிய இடத்தில், தரகர்கள் கூச்சல் போட்டு ஏலம் கேட்ட காலத்தைப் பார்த்தவர். குரலை வைத்தே ஆளைச் சொல்வாராம். ஆனால் அவருடைய நோட்டை ஒரு ஆனி மழை தின்றுவிட்டது. ஓடு ஒழுகி, நீல மை முழுக்கக் கரைந்து, பாதிப் பக்கம் கடல் மாதிரி இருக்கும். நான் வந்த பிறகு ரப்பர் பேண்டு போட்ட விசிட்டிங் கார்டுக் கட்டு, ஃபோனில் "பெப்பர் சேலம் 2", "பெப்பர் சேலம் புதுசு" என்று பெயர்கள். புதுசு யார், 2 யார் என்று கடவுளுக்கே தெரியாது.

நடுவில் ஒருவர் வந்து, வாடிக்கையாளர் விவரம் வைக்கவென்றே செய்த மென்பொருள் ஒன்றை வருஷச் சந்தாவுக்கு என் தலையில் கட்டினார். லீட், பைப்லைன், டீல் ஸ்டேஜ் என்று திரை முழுக்கப் பெட்டிகள். நாற்பது வருஷமாக எங்களிடம் மிளகு வாங்கும் மனிதரை நான் 'லீட்' என்று எப்படிப் போடுவது? பேத்தி மொட்டைக்கு அதில் பெட்டியே இல்லை. மூன்றே மாதத்தில் மூடினேன்.

அப்சிடியன் அதற்கு நேர்மாறு. 2020-இல் ஷிடா லி, எரிக்கா சூ என்ற இருவர் வெளியிட்டது. அடிப்படையில் ஒரு குறிப்பு நோட்டு, அவ்வளவுதான். நாம் எழுதுவது நம் கம்ப்யூட்டரிலேயே ஒரு ஃபோல்டருக்குள் சாதாரண டெக்ஸ்ட் ஃபைலாகக் கிடக்கும். நெட் வேண்டாம். நாளைக்கு அந்தக் கம்பெனியே இல்லாமல் போனாலும் நோட்பேடில் திறந்து படிக்கலாம். முன்பு வேலைக்குப் பயன்படுத்தும் நிறுவனங்கள் லைசென்ஸ் வாங்க வேண்டும் என்று இருந்தது. 2025 பிப்ரவரியில் அதையும் எடுத்துவிட்டார்கள். இலவசம் என்றால் எங்கள் தெருவே காதைத் தீட்டும்.

ஆளுக்கு ஒரு பக்கம். அண்ணாச்சி பக்கத்தில் ஒரு துண்டு இப்படி இருக்கும்:

"அன்கார்பிள்டு மட்டும் கேட்பார், கிளீனிங் அவரே செய்துகொள்வார். லிட்டர் வெயிட் 550-க்குக் குறைந்தால் திருப்பி அனுப்புவார், விளையாட்டல்ல. காலை 10-க்கு முன் ஃபோன் கூடாது, பூஜை. [[தேனி மருமகன்]] ஏலக்காய் எடுக்கிறார். சரக்கு [[லாரி ஆபீஸ் சேட்டன்]] வழியாக மட்டும்."

அந்த இரட்டைச் சதுர அடைப்புக்குறியில்தான் நான் விழுந்தேன். ஒரு பெயரை அதற்குள் போட்டால் போதும், அது அந்த ஆளின் பக்கத்துக்கு வழியாகிவிடும். அதைவிடப் பெரிய அதிசயம், மருமகன் பக்கத்தைத் திறந்தால் அவரை நான் எங்கெங்கே பேச்சோடு பேச்சாக எழுதியிருக்கிறேனோ அத்தனையும் கீழே வரிசையாக வந்து நிற்கும். நான் அடுக்கவே இல்லை, தானாக அடுக்கிக்கொள்கிறது. அன்றன்றைய பக்கத்தில் "[[அண்ணாச்சி]] பேசினார், 20 மூட்டை" என்று ஒரு வரி கிறுக்கினால் அது அவர் கணக்கிலும் ஏறிவிடும். "கடைசியாகப் பேசியது" என்று ஒவ்வொரு பக்கத்திலும் தேதி போடுவேன். திங்கள்கிழமை காலை அதை அட்டவணையாக வரிசைப்படுத்தி, 45 நாளாகச் சத்தமில்லாதவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிடுவேன். போன மழைக்காலத்தில் இப்படித் திரும்பி வந்த பழைய வாடிக்கை மூன்று பேர்.

சொதப்பலும் உண்டு, மறைக்கவில்லை. ஒரே மனிதரை நான் "அண்ணாச்சி" என்றும், கடைப்பையன் மலையாளத்தில் வேறு பெயரிலும் எழுதி, நாலு மாதம் அவர் இரண்டு ஆளாக வாழ்ந்தார். இரண்டு பேருக்கும் தீபாவளி இனிப்பு போனது. பிறகுதான் ஒரு பக்கத்துக்கு எத்தனை மாற்றுப்பெயர் வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்று கண்டுகொண்டேன். இப்போது எந்த மொழியில் தட்டினாலும் ஒரே ஆள் வருகிறார். வங்கிக் கணக்கு எண்ணை மட்டும் இதில் எழுதுவதில்லை. அது பீரோவில்தான்.

சரக்கு வியாபாரி குறிப்பு எழுதுவது இந்தக் கரையில் புதிதா என்ன? 12-ஆம் நூற்றாண்டில் மங்களூரில் இருந்த ஆபிரகாம் பென் யிஜூ என்ற யூத வணிகரின் காகிதங்கள் கெய்ரோவில் ஒரு யூதக் கோயிலில் கிடைத்தன. தனக்கு வந்த கடிதத்தின் பின்பக்கத்திலேயே அவர் பயணச் சாமான் பட்டியல் எழுதி வைத்திருக்கிறார். அதைப் படித்த அன்று காலண்டர் தாளின் பின்பக்கம் கணக்கெழுதும் என் அப்பாவை நினைத்துச் சிரித்தேன். ஆள் மாறினாலும் கை அதேதான்.

கிராஃப் வியூ என்று ஒன்று இருக்கிறது. எல்லாப் பக்கங்களையும் புள்ளிகளாக்கி, இணைப்புகளைக் கோடாக்கி, நட்சத்திர மண்டலம் மாதிரி காட்டும். வியாபாரத்துக்குப் பைசாப் பிரயோஜனம் இல்லை, அழகுக்குத்தான் என்று நினைத்திருந்தேன். ஒருநாள் மத்தியானம் டீ குடித்துக்கொண்டே பார்த்தால், நடுவில் எல்லாரையும்விடப் பெரிய புள்ளி ஒன்று. விருதுநகர் அண்ணாச்சி என்றுதான் நினைத்தேன். கிட்டப் போனால் லாரி ஆபீஸ் சேட்டன். இன்றுவரை எங்களிடம் ஒரு கிராம் மிளகு வாங்காதவர். ஆனால் 61 பேருடைய பக்கத்திலிருந்து அவருக்குக் கோடு போகிறது. கடைசி லாரியை நிறுத்தி வைத்தவர், நனையாமல் தார்ப்பாய் போட்டவர், நள்ளிரவில் "மூட்டை போய்ச் சேர்ந்துச்சு மோனே" என்று சொன்னவர், எல்லாம் இவரே.

இந்த ஓணத்துக்கு அவர் வீட்டுக்கு அரைக் கிலோ ஏலக்காய் கொடுத்துவிட்டேன். பச்சை மாறாத 8 எம்.எம். காய்.