தன் எடையால் வளையும் கண்ணாடி

தமிழ்நாட்டில் அதிகம் பேர் தினமும் பார்க்கிற கண்ணாடிச் சிற்பம் எது என்று கேட்டால், காரின் முன்கண்ணாடி என்றுதான் சொல்வேன். வண்டலூர்–வாலாஜாபாத் சாலையும் சிங்கப்பெருமாள்கோவில் சாலையும் குறுக்கிடும் ஒரகடத்தில் சிறிது நேரம் நின்றாலே போதும். புதுக் கார்களைச் சுமந்த டிரெய்லர்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். அவற்றின் இரும்பு உடலை வடித்தவர்களைப் பற்றிப் பேச ஆளுண்டு. முன்னால் மின்னும் அந்தக் கண்ணாடி எப்படி அந்த வளைவைப் பெற்றது என்று கேட்பவர்கள் குறைவு. உலைக்குள் படுத்து, சூடேறி, தன் எடையாலேயே தொய்ந்து பெற்ற வளைவு அது. கண்ணாடிக் கலைஞர்கள் தம் பட்டறையில் ஒரு கிண்ணத்தையோ தட்டையோ உருவாக்கும்போது செய்வதும் இதைத்தான்.

இந்த வட்டாரத்தில் கண்ணாடியின் கதை தட்டையாகத்தான் தொடங்குகிறது. ஸ்ரீபெரும்புதூர் சிப்காட்டில் செயின்ட் கோபைன் நிறுவனம் 2000 முதல் மிதவைக் கண்ணாடி செய்கிறது. பிரான்சில் 1665இல் பிறந்து வெர்சாய் அரண்மனையின் கண்ணாடி மண்டபத்துக்கு ஆடிகள் கொடுத்த நிறுவனம் அது. அந்த நூற்றாண்டின் இறுதியில் உருகிய கண்ணாடியை உலோக மேசைமேல் ஊற்றி, உருளையால் பரப்பிப் பெரிய பலகைகளை வார்த்தவர்களும் அவர்களே. இன்றைய மேசை திரவம். இங்கிலாந்தில் அலாஸ்டர் பில்கிங்டன் 1950களில் பாடுபட்டு, 1959இல் உலகுக்கு அறிவித்த முறை இது. மணல், சோடா, சுண்ணாம்பு முதலியன 1,500 டிகிரிக்கு மேல் உருகி, உருகிய வெள்ளீயத்தின் மேல் ஏறி மிதக்கின்றன. ஏறும்போது சுமார் 1,050 டிகிரி, இறங்கும்போது சுமார் 600. மேற்பக்கம் நெருப்பால் மெருகேறுகிறது. கீழ்ப்பக்கத்துக்கு வெள்ளீயத்தின் சமதளம் வாய்க்கிறது. அரைக்கவும் வேண்டாம், மெருகிடவும் வேண்டாம்.

யாரும் இழுக்காமல் அழுத்தாமல் விட்டால், வெள்ளீயத்தின் மேல் கண்ணாடி தானாகவே 6 முதல் 7 மில்லிமீட்டர் தடிமனில் வந்து நிற்கும். பரப்பு இழுவிசை அதைக் குவிக்கப் பார்க்கிறது, ஈர்ப்பு பரத்தப் பார்க்கிறது. இரண்டும் சமாதானமாகும் இடம் அது. சின்னச் சூளையில் கண்ணாடித் துண்டுகளை உருக்கி ஒட்டவைப்பவர்களும் இதே கணக்கைத்தான் மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள். மூன்று மில்லிமீட்டர்ப் பலகை ஒன்றை மட்டும் முழுக்க உருக்கினால் ஓரம் உள்வாங்கிச் சுருங்கும். இரண்டை அடுக்கினால் அளவு மாறாமல் நிற்கும். மூன்றை அடுக்கினால் வெளியே வழியும். நாளுக்குப் பல நூறு டன் உருக்கும் ஆலைக்கும் மேசை அளவுச் சூளைக்கும் ஒரே விதி. இந்தப் பொருளின்மேல் எனக்கு மதிப்பு கூடியதற்கு முதல் காரணம் இதுதான்.

இரண்டாவது காரணம் அதன் பதம். கண்ணாடிக்குப் பனிக்கட்டியைப் போல ஒரு உருகுநிலை கிடையாது; வெல்லப்பாகுக்கு இருப்பதுபோல் பதங்கள் உண்டு. கம்பிப் பதத்துக்கும் உருட்டுப் பதத்துக்கும் நடுவே அடுப்படியில் கண்ணிமைக்க முடியாதது போலத்தான் இங்கும். சாதாரண ஜன்னல் கண்ணாடி சுமார் 720 டிகிரியில் நன்றாக இளகிவிடும். சுமார் 550 டிகிரியில் கல்லாகத் தோன்றும், ஆனாலும் உள்ளிருக்கும் இறுக்கங்களைச் சில நிமிடங்களில் தளர்த்திக்கொள்ளும் அளவு உயிர் அதில் இருக்கும். இந்த 170 டிகிரி இடைவெளியில் அதன் பாகுத்தன்மை இரண்டு லட்சம் மடங்குக்கு மேல் மாறுகிறது. தொய்வுக் கலை முழுவதும் இந்தக் குறுகிய சந்துக்குள்தான் நடக்கிறது. பத்து டிகிரி கூடினால் வளைவு ஆழமாகிவிடும். அதே சூட்டில் ஐந்து நிமிடம் கூட நின்றாலும் அப்படித்தான். சூடும் நேரமும் ஒன்றுக்கொன்று ஈடு. தேர்ந்த கைக்காரர்கள் சூட்டைக் குறைத்து நேரத்தைக் கூட்டுவார்கள். கண்ணாடியின் தோல் அச்சில் பட்டுக் கெடாமல் இருப்பதற்காக.

அச்சைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். சுட்ட மண் அச்சின் குழிக்குள் கண்ணாடியைத் தொய்யவிடலாம். மண் அச்சை மூடியபடி கவிழ்த்துத் தொய்யவிட்டால் அநேகமாக உடையும். எவர்சில்வர் அச்சென்றால் நேர்மாறு, அதன்மேல் கவிழ்ப்பதே நல்லது. ஆறும்போது மண் கண்ணாடியைவிடக் குறைவாகச் சுருங்கும். எவர்சில்வரோ ஏறக்குறைய இருமடங்கு சுருங்கும். ஆகவே மண் குழியிலிருந்து கண்ணாடி விலகிக்கொள்கிறது, கண்ணாடியிலிருந்து எவர்சில்வர் மேடு விலகிக்கொள்கிறது. அச்சுக்கும் கண்ணாடிக்கும் நடுவே அலுமினா கலந்த களிமண் பூச்சு. குழியின் அடியில் ஊசித்துளைகள், சிக்கிய காற்று கொப்புளமாகக் கிளம்பாமல் வெளியேற. மேலோட்டமாகப் பார்த்தால் சில்லறை வேலைகள்; ஆனால் ஒரு கிண்ணத்தின் அடிப்பரப்பு பளிங்காக இருப்பதும் சொறிபிடித்ததாக இருப்பதும் இவற்றால்தான் முடிவாகிறது.

இப்போது முன்கண்ணாடிக்கு வருவோம். இருங்காட்டுக்கோட்டை சிப்காட்டில் ஆசாஹி இந்தியாவின் வாகனக் கண்ணாடி ஆலை இருக்கிறது. ஹூண்டாய் கார்கள் 1998 முதல் உருளும் அதே ஊர். உலகெங்கும் முன்கண்ணாடிக்கு நெடுங்காலமாகப் பின்பற்றப்படும் முறை இது. சுமார் இரண்டு மில்லிமீட்டர்த் தடிமனுள்ள இரண்டு பலகைகளை, நடுவே மெல்லிய பொடி தூவி, ஒன்றன்மேல் ஒன்றாக வைப்பார்கள். வெளிப்பக்கம் வரவேண்டியது கீழே, உட்பக்கத்துக்குரியது மேலே. அடியில் முழு அச்சு கிடையாது. ஓரத்தை மட்டும் தாங்கும் எவர்சில்வர் வளையச் சட்டம் ஒன்றுதான். அகன்ற கண்ணாடிகளுக்கு அந்தச் சட்டத்தின் இரு சிறகுகளும் கீல் போட்டவையாக இருக்கும். கண்ணாடி இளக இளக அவை மெல்ல மேலே மடங்கும். உலையின் அறை அறையாகச் சட்டம் நகர்கிறது. 600 டிகிரியைத் தாண்டியதும் நடுப்பகுதி இறங்கத் தொடங்குகிறது. பார்வைக்குரிய அந்தப் பெரும்பரப்பை எந்தக் கருவியும் தொடுவதில்லை. இரண்டு பலகைகளும் சேர்ந்தே இறங்குவதால் அவற்றின் வளைவுகள் ஒன்றோடொன்று பொருந்துகின்றன. பிறகு பிரித்து, நடுவே 0.76 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் ஏடு வைத்து, அழுத்தக் கலனில் சுமார் 140 டிகிரியில் ஒட்டுவது தனிக்கதை.

தானாக விட்டால் கண்ணாடி அழகாக வளையும் என்று எண்ணிவிடக் கூடாது. விட்டுவிட்டால் ஓரத்தில் சட்டென்று மடிந்து நடுவில் தட்டையாகக் கிடக்கும். குளியல் தொட்டியின் வடிவம் அது. நடுவில் சூட்டைக் கூட்டி ஓரத்தில் குறைத்து, எந்த அறையில் எத்தனை நொடி என்று வகுத்து, அந்தத் தொட்டியைச் சீரான வளைவாக மாற்றுவதில்தான் கைவண்ணம் இருக்கிறது. அங்கே உளி என்பது சூட்டின் பங்கீடுதான்.

விளிம்பைச் சுற்றியுள்ள கறுப்புப் பட்டையையும் அது புள்ளிகளாகக் கரைந்து மறைவதையும் அடுத்தமுறை உற்றுப் பாருங்கள். கண்ணாடியோடு சேர்த்துச் சுட்ட எனாமல் அது. கண்ணாடியை உடலோடு ஒட்டும் பசையை வெயிலிலிருந்து காக்கிறது. ஆனால் உலையில் கறுப்பு கூடுதல் சூட்டை வாங்கிக்கொள்ளும். பட்டை முடியும் கோட்டில் வளைவு தடுமாறும், அதன் வழியே தெரியும் காட்சி நெளியும். புள்ளிகள் படிப்படியாகச் சிறுத்துப்போவது கண்ணுக்கு இதமாக இருப்பதற்காக மட்டுமல்ல, அந்தச் சூட்டு வேறுபாட்டைத் தணிப்பதற்காகவும்தான். நல்ல முன்கண்ணாடியை அறிய ஆலைக்குப் போக வேண்டியதில்லை. பக்கவாட்டில் நின்று, அதில் விழும் டியூப்லைட்டின் பிம்பத்தைத் தலையை அசைத்தபடி ஓடவிட்டுப் பாருங்கள். பிம்பம் வழுக்கிக்கொண்டு போனால் நல்ல வேலை. ஓரத்துக்கு அருகில் ஒருமுறை குதித்தால் உலை அங்கே அவசரப்பட்டிருக்கிறது. இப்போது கேமராக்களும் கண்ணாடியில் ஒளிரும் தகவல்களும் வந்துவிட்டதால், இன்னும் துல்லியத்துக்காக அழுத்தி வளைக்கும் முறை பரவுகிறது. தேவையை ஒப்புக்கொள்கிறேன். என் மனம் என்னவோ தொய்ந்ததன் பக்கமே நிற்கிறது.

வார்ப்பு இதற்கு எதிர்த்துருவம். மெழுகில் உருவம் செய்து, அதைச் சுற்றி பிளாஸ்டர்–சிலிக்கா கலவையை ஊற்றி, மெழுகை ஆவியில் உருக்கி வெளியேற்றினால் கிடைக்கும் வெற்றிடத்துக்குள் கண்ணாடி இறங்குகிறது. நம் வெண்கலச் சிற்பிகளுக்கு இந்த முறை புதிதல்ல. சுவாமிமலையில் வண்டல் மண் செய்வதை இங்கே பிளாஸ்டர் செய்கிறது. அச்சின் தலையில் துளையுள்ள பூந்தொட்டியை வைத்து, அதில் கண்ணாடிக் கட்டிகளைப் போட்டு, 800 டிகிரிக்கு மேல் மணிக்கணக்கில் நிறுத்துவார்கள். அது மெல்லிய தாரையாகச் சொட்டி இறங்கும். அதன்பின்தான் பொறுமைக்கான உண்மையான சோதனை. ஆற்றும் நேரம் தடிமனின் வர்க்கத்தைப் பொறுத்தது: தடிமன் இரண்டு மடங்கென்றால் நேரம் நான்கு மடங்கு. கார்னிங் ஆலையில் 1934இல் பலோமார் தொலைநோக்கிக்காக வார்த்த 200 அங்குல வட்டு ஆற ஏறத்தாழ பத்து மாதமானது. காவலூரில் 1986இல் திறக்கப்பட்ட வைணு பாப்பு தொலைநோக்கியின் 2.34 மீட்டர் ஆடிக்கும் அடிப்படை இப்படி வார்த்து ஆற்றிய ஒரு வட்டுதான். கலையில் செக் நாட்டு ஸ்டானிஸ்லாவ் லிபென்ஸ்கி–யாரோஸ்லாவா பிரிக்டோவா தம்பதியின் வார்ப்புகளுக்கு இணை நான் அறியேன். தடித்த இடத்தில் நிறம் இருண்டும் மெலிந்த இடத்தில் ஒளிர்ந்தும், தடிமனையே தூரிகையாக்கியவர்கள் அவர்கள். ஆயினும் வார்ப்பில் கண்ணாடி அச்சுக்குப் பணிகிறது. தொய்வில் அது தன் பங்குக்கு ஒரு வார்த்தை சொல்கிறது.

அந்த வார்த்தை இந்தக் கடற்கரைக்கு எப்போதோ வந்துவிட்டது. 1945இல் அரிக்கமேட்டை மார்ட்டிமர் வீலர் அகழ்ந்தபோது ரோமானியக் கண்ணாடிக் கிண்ணங்களின் உடைசல்கள் கிடைத்தன. கேரளத்துப் பட்டணம் அகழாய்வில் புடைவரிக் கிண்ணத் துண்டுகளும் கிடைத்தன. சூடான வட்டில் வரிகளை எழுப்பி, அரைக்கோள அச்சின்மேல் தொய்யவிட்டு அந்தக் கிண்ணங்களைச் செய்திருக்க வேண்டும் என்று, செய்துபார்த்த ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். அரிக்கமேட்டின் சொந்தப் புகழான மணிகள் வேறு வகை: குழலாக இழுத்து நறுக்கியவை.

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டரில் சென்னை அரசு கவின் கலைக் கல்லூரி இருக்கிறது. 1850இல் தொடங்கிய கல்லூரி. பீங்கான் கலைக்குத் தனித்துறை உண்டு, சூளைகளும் உண்டு. அங்கோ வேறெங்கோ ஸ்ரீபெரும்புதூரின் மிதவைக் கண்ணாடியைத் தொய்யவிட்டுப் பார்க்க ஒருவர் முன்வர வேண்டுமென்று ஆசைப்படுகிறேன். கண்ணாடிக் கடைகளில் வெட்டிக் கழித்த துண்டுகளே போதும். ஆனால் அவர் சிலவற்றை மாற்ற வேண்டியிருக்கும். மண் சூளை பக்கங்களிலிருந்து சூடேற்றும். அகன்ற பலகை அதில் ஓரம் மட்டும் சூடாகி வெடிக்கும், ஆகவே சூட்டுக்கம்பிகள் மூடியில் வேண்டும். 500 டிகிரி வரை பதறாமல் ஏற்ற வேண்டும். இறக்கும்போது 550 டிகிரி வாக்கில் நிறுத்தி ஆற்றும் கட்டுப்பாட்டுக் கருவி வேண்டும். நீண்ட நேரம் 750 டிகிரிக்கு மேல் வைத்தால் மிதவைக் கண்ணாடியின் தோலில் படிகம் பூத்து மங்கும். வேறு வகை வண்ணக் கண்ணாடியை அதோடு சேர்த்து உருக்கினால் சுருக்கம் ஒத்துப்போகாமல் விரிசல் விடும். நிறம் வேண்டுமென்றால் எனாமலோ உலோக ஆக்ஸைடோதான் வழி. கிண்ணமாகத் தொய்யவிடும் பலகையில் வெள்ளீயம் தொட்ட பக்கம் கீழே இருக்கட்டும். மேலே இருந்தால், குழியும்போது அந்தத் தோல் நெருக்கப்பட்டுப் பால்நிறம் படரும். எது எந்தப் பக்கம் என்று கண்ணால் தெரியாது; இருட்டில் குறு அலை புற ஊதா விளக்கைக் காட்டினால் வெள்ளீயப் பக்கம் வெளிறி ஒளிரும்.