அறிவுக்கு அஞ்சும் துப்பறிவாளன்

துப்பறியும் கதை ஒரு நம்பிக்கையின் மேல் எழுப்பப்பட்டது. குற்றம் எத்துணை மறைவாக நிகழ்ந்திருப்பினும் அது தன் தடயத்தை விட்டே செல்லும். அத்தடயங்களை அறிவெனும் நூலில் கோத்தால் உண்மை வெளிப்படும். உண்மை வெளிப்பட்டால் குலைந்த ஒழுங்கு மீண்டும் நிலைபெறும் என்பதே அந்த நம்பிக்கை. ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் தமிழ் வாசகனுக்கு அறிமுகம் செய்ததும், பின்னாளில் தமிழ்வாணனின் சங்கர்லால் வீடுதோறும் கொண்டு சென்றதும் இந்த நம்பிக்கையைத்தான். கடைசிப் பக்கத்தைப் படித்து முடித்தவன் விளக்கை அணைத்துவிட்டு நிம்மதியாக உறங்கலாம்.

இந்த நம்பிக்கையைத் தலைகீழாகக் கவிழ்த்தவர் அமெரிக்க எழுத்தாளர் லவ்கிராஃப்ட் (1890 - 1937). அவருடைய கதைகளிலும் ஒருவன் பழைய ஏடுகளைப் புரட்டுகிறான்; செய்தித்தாள் துணுக்குகளைச் சேர்க்கிறான்; சாட்சிகளை விசாரிக்கிறான். ஆனால் துணுக்குகள் ஒன்று சேர்ந்ததும் அவன் காண்பது ஒழுங்கை அன்று. மனிதன் தோன்றுவதற்கு முன்பே இருந்த பேருருக்கள், மனிதனைப் பகையாகக்கூடக் கருதாத, ஒரு பொருட்டாகவே எண்ணாத ஆற்றல்கள் கடலடியில் உறங்குகின்றன என்பதைக் காண்கிறான். கண்டவன் பித்தனாகிறான் அல்லது மாள்கிறான். 1928இல் வெளிவந்த 'கதுலுவின் அழைப்பு' என்னும் கதை இவ்வகைக்குத் தலையாயது. அறிவே இங்குத் தண்டனை, அறியாமையே அருள்.

இவ்விரு நம்பிக்கைகளையும் ஒரே ஆளின் தோளில் ஏற்றினால் என்னவாகும்? 1981இல் அமெரிக்காவில் கதுலுவின் பெயரால் வெளிவந்த, மேசையைச் சுற்றி அமர்ந்து ஆடும் கதையாட்டம் இக்கேள்வியை முதலில் எழுப்பியது. அதில் ஆடுவோர் யாவரும் விசாரணையாளர்கள். உயிருக்கு எண் வைப்பது போலவே மனத்தெளிவுக்கும் அது ஓர் எண் வைத்தது. அதன் வழித்தோன்றலாகப் பல கணினி விளையாட்டுகள் வந்தன. அவற்றுள் நாம் இங்கு எடுத்துக்கொள்வது 2019 ஜூன் திங்களில் வெளிவந்த 'த சிங்க்கிங் சிட்டி', அதாவது 'மூழ்கும் நகரம்'. இதனைச் செய்தது உக்ரைன் நாட்டின் கீவ் நகரிலுள்ள ஃபிராக்வேர்ஸ் நிறுவனம். இந்நிறுவனம் பல ஆண்டுகளாக ஷெர்லக் ஹோம்ஸ் விளையாட்டுகளைச் செய்து பெயர் பெற்றது என்பதை மனத்தில் கொள்ள வேண்டும். ஹோம்ஸின் மாணாக்கர்கள் லவ்கிராஃப்டின் கடலில் இறங்கியிருக்கிறார்கள்.

கதை 1920களில் நடக்கிறது. கடற்படையில் பணியாற்றிய சார்லஸ் ரீட் இப்போது தனியார் துப்பறிவாளன். தன்னை வாட்டும் கொடுங்காட்சிகளுக்குக் காரணம் தேடி ஓக்மாண்ட் என்னும் கற்பனை நகருக்கு வருகிறான். வெள்ளத்தில் பாதி அமிழ்ந்த நகரம் அது. தெருக்களில் படகு ஓடுகிறது. பணத்துக்கு மதிப்பில்லை, துப்பாக்கிக் குண்டே நாணயம். சுடும் ஒவ்வொரு குண்டும் செலவழிக்கும் காசு என்பதால், ஆடுபவன் விசையை அழுத்துமுன் ஒரு கணம் தயங்குகிறான். நல்ல உத்தி.

ஆடுவோர் இதனை ஏற்ற விதம் ஒருமுகமானதன்று. விரும்பியோர் பெரிதும் பாராட்டியது துப்பறியும் முறையை. இன்றைய விளையாட்டுகள் பல, செல்ல வேண்டிய இடத்தை வரைபடத்தில் புள்ளியிட்டுக் காட்டி, ஆடுபவனைக் கையைப் பிடித்து அழைத்துச் செல்கின்றன. இங்கு அப்படியில்லை. ஓர் ஆளின் முகவரி வேண்டுமெனில் நகர மன்றத்தின் பதிவேட்டைப் பார்க்க வேண்டும். பழைய குற்றமெனில் காவல் நிலையத்தின் கோப்பு. வதந்தியெனில் செய்தித்தாள் அலுவலகத்தின் பழைய இதழ்கள். எந்தத் தெரு எந்தத் தெருவைச் சந்திக்கிறது என்று படித்து, வரைபடத்தில் அவ்விடத்தைத் தானே குறிக்க வேண்டும். ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடுவது என்பார்கள். மணிமுத்தாற்றில் இட்ட பொன்னைச் சுந்தரர் திருவாரூர்க் குளத்தில் எடுத்த கதையோடு அம்மொழியை இணைத்துச் சொல்வது எங்கள் விருத்தாசலத்து வழக்கு. இந்த விளையாட்டின் விசாரணையும் அத்தகையதே. தடயம் ஓரிடம், விடை வேறிடம்.

குறை கூறியோரின் வாதங்களிலும் பொருள் உண்டு. ஒரே அமைப்பிலான வீட்டின் உட்புறமே ஊரெங்கும் திரும்பத் திரும்ப வருகிறது. மாந்தரின் முகங்களில் உயிர்ப்பில்லை. சண்டைகள் சலிப்பூட்டுகின்றன என்றனர். இவற்றுள் மூன்றாவது, கலையின் வேரைத் தொடும் குறை. பெயரிடவும் இயலாத பேரச்சத்தைச் சொல்ல வந்த விளையாட்டு, அந்த அச்சத்தைத் துப்பாக்கியால் சுட்டு வீழ்த்த விட்டால் அது அச்சமாக எஞ்சுமா? ஆறு குண்டுகளில் மாளும் பேய், எண்ணித் தீர்க்க வேண்டிய ஒரு வேலையாகிவிடுகிறது.

எனினும் ஆடுவோரின் முறையீடுகளுள் மிக ஆழமானது இறுதிக்கட்டத்தைப் பற்றியது. வழி நெடுகிலும் விளையாட்டு ஆடுபவனை நீதிபதியாக்குகிறது. தடயங்களை இணைத்து முடிவுக்கு வந்தபின், இன்னாரைக் குற்றவாளி என்பதா, மன்னித்து விடுவதா என்று அவனே தீர்மானிக்க வேண்டும். இவ்வாறு பல மணி நேரம் மனச்சான்றோடு மல்லாடியவன் முடிவில் காண்பது என்ன? உலகை அழிய விடலாம், தன்னை அழித்துக் கொண்டு அழிவை ஒத்திவைக்கலாம், விலகிப் போகலாம். இம்மூன்றும், அவன் முன்னர் எப்படித் தீர்ப்பளித்திருப்பினும், எல்லாருக்கும் ஒன்றுபோலவே திறந்திருக்கின்றன. இரக்கம் காட்டியவனுக்கும் கொன்று குவித்தவனுக்கும் அதே மூன்று கதவுகள். "பின் எதற்காக என்னைக் கேட்டீர்கள்?" என்பதே ஆடியோரின் குமுறல்.

லவ்கிராஃப்டின் உலகில் மனிதச் செயலுக்குப் பொருளில்லை, எனவே இது அவருக்கு உண்மையாக நடந்து கொண்ட முடிவே என்று வாதிடுவோர் உளர். வாதம் சரிதான். ஆனால் அது விளையாட்டைக் காப்பாற்றவில்லை; லவ்கிராஃப்டின் தத்துவத்தையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறது. கதையைப் படிப்பவன் பார்வையாளன். அவனிடம் "உன் செயல் வீண்" எனலாம். விளையாடுபவன் செயல்படுபவன், அவனைத் தேர்ந்தெடுக்கச் சொல்லிவிட்டுத் தேர்வு வீண் என்பது வஞ்சனை. விதியை நம்புகிற நம்மிடமும் இக்கேள்வி பழையதே. கத்ரை ஏற்ற நம் முன்னோர், அதனைக் காட்டி மனிதனின் பொறுப்பைக் கழற்றிவிட ஒருபோதும் இசையவில்லை. எண்ணத்துக்கும் செயலுக்கும் கணக்குண்டு என்பதே அவர்கள் கொண்ட முடிபு. அந்தக் கணக்கைத்தான் ஆடியோர், தம்மை அறியாமலே, கேட்டிருக்கிறார்கள்.

இனி, நம் வாசகர்கள் தவறாது அறிய வேண்டிய ஒன்று. லவ்கிராஃப்டின் அச்சம் விண்வெளியிலிருந்து மட்டும் பிறந்ததன்று. அண்டை வீட்டுக்காரனிடமிருந்தும் பிறந்தது. பிற இனத்தார்மீது அவர் கொண்ட வெறுப்பை அவருடைய கடிதங்களே காட்டுகின்றன. 1936இல் வெளிவந்த 'இன்ஸ்மத்தின் மீது நிழல்' கதையில், மீன் முகம் கொண்ட கலப்பினத்தாரே திகிலின் இருப்பிடம். உலகக் கற்பனைப் புனைவு விருதுக்கு அவருடைய தலைச்சிலையை வழங்கிவந்த வழக்கம் இக்காரணத்தால் எழுந்த எதிர்ப்புக்குப் பின் 2015இல் கைவிடப்பட்டது. மூழ்கும் நகரத்தைச் செய்தோர் இதனை அறிந்தே செயல்பட்டிருக்கிறார்கள். சிறுபான்மையினர் இழிவாக நடத்தப்பட்ட காலத்தை இவ்விளையாட்டு காட்டுகிறது, அவ்விழிவு அன்றும் தவறு, இன்றும் தவறு என்ற அறிவிப்போடு அது தொடங்குகிறது. இன்ஸ்மத்து மக்கள் இங்கே வீடிழந்து வந்த ஏதிலிகள். அவர்களை வெறுக்கும் செல்வக்குடியினரின் முகமோ குரங்கின் சாயலுடையது! மீன் முகத்தைக் குரங்கு முகம் பழிக்கும் இந்த எள்ளல், ஆசானைத் திருத்திய மாணாக்கரின் நல்ல விடை.

ஆனால் இத்திருத்தம் எட்டாத ஒரு மூலை லவ்கிராஃப்டிடம் உண்டு. அவருடைய கதைகளில் எல்லாத் தீய அறிவுக்கும் ஊற்றாக ஒரு நூல் வருகிறது: 'நெக்ரோனமிக்கான்'. அதன் ஆசிரியராக அவர் படைத்தவர் 'பித்தரான அரபி' அப்துல் அல்ஹஸ்ரட். உமையாக்கள் காலத்தில் வாழ்ந்த ஸன்ஆ நகரத்துக் கவிஞராம். 738இல் டமாஸ்கஸில், கண்ணுக்குப் புலப்படாத விலங்கொன்று பட்டப்பகலில் அவரை விழுங்கியதாம். சிறுவயதில் ஆயிரத்தோர் இரவுக் கதைகளில் மயங்கிய லவ்கிராஃப்ட் தமக்கே சூட்டிக்கொண்ட விளையாட்டுப் பெயர் இது. ஓதுபள்ளியில் முதலாண்டு பயிலும் பிள்ளையும் இப்பெயரைக் கேட்டால் நகைக்கும். 'அப்துல்' என்பதிலேயே 'அல்' அடங்கிவிட்டது. மீண்டும் ஓர் 'அல்' ஏன்? 'அப்து' என்றால் அடியான். அப்துல் காதர், அப்துல் கபூர், அப்துர் ரஹ்மான் என இறைவனின் திருப்பெயரோடு சேர்ந்தே அது வரும். 'ஹஸ்ரட்' எந்தத் திருப்பெயர்? யாருக்கும் அடிமையல்லாத ஓர் அடியான்!

இலக்கணப் பிழை என்று சிரித்துவிட்டுப் போகலாம். ஆயின் அந்தப் பெயர் இன்று உலகெங்கும் கதைகளிலும் ஆட்டங்களிலும் உலவுகிறது. அரபி என்றால் பித்து, அரபு நூல் என்றால் தீவினை என்னும் எண்ணம், கேட்டவர் அறியாமலே மனத்தில் படிகிறது. தூண்களையுடைய இரம் நகரைப் பற்றி நம் திருமறை குறிப்பிடுவது, செருக்குற்ற ஒரு சமுதாயம் பெற்ற படிப்பினையாக. லவ்கிராஃப்ட் அதே நகரைத் தம் திகிலுக்குத் திரைச்சீலையாக்கிக் கொண்டார். பெயரை எடுத்தார், பொருளை விட்டார்.

அந்தப் பித்த அரபிக்கு எதிரே தமிழ் முஸ்லிம்கள் வேறொருவரை நிறுத்தலாம். 1572இல் வண்ணப்பரிமளப் புலவர் இயற்றிய 'ஆயிர மசலா', முழுமையாக நமக்குக் கிடைத்துள்ள இஸ்லாமியத் தமிழ் நூல்களுள் மிகப் பழையதாகக் கருதப்படுவது. அதில் அப்துல்லாஹ் இப்னு சலாம் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் வினாக்களை அடுக்குகிறார். வானம், பூமி, படைப்பு, சுவர்க்கம், நரகம் என அண்டம் முழுவதையும் அவர் விசாரிக்கிறார். அவரும் ஒருவகையில் துப்பறிவாளரே. ஆனால் விடைகள் அவரைப் பித்தனாக்கவில்லை. உறுதி பெறச் செய்கின்றன. அறியப் புகுந்தவன் அழிவான் என்று சொல்லும் மரபு ஒன்று. கேள், விடையுண்டு என்று சொல்லும் மரபு ஒன்று. பிள்ளைகளுக்கு எதனைக் கொடுக்கப் போகிறோம் என்பது சிறிய கேள்வியன்று.

பழமையைக் கண்டு அஞ்சுவதும் இப்படியே. விருத்தாசலம் என்ற பெயருக்கே பழைய மலை என்பது பொருள்; தேவாரம் இதனை முதுகுன்றம் என்கிறது. கண்ணுக்கு மலை எதுவும் தென்படாத இவ்வூரில், மலை மண்ணுக்குள் அழுந்தியிருக்கிறது என்பர் பெரியோர். மண்ணியலாரும் தம் வழியில் வியப்பான செய்தி சொல்கிறார்கள். சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் முடிவுற்ற கிரெட்டேஷியஸ் காலத்தில் இவ்வட்டாரம் கடலாக இருந்தது. விருத்தாசலம், அரியலூர், புதுச்சேரிப் பகுதிகளில் கேயும் கன்லிஃபும் திரட்டிய கடலுயிர்ப் புதைபடிவங்களை எட்வர்டு ஃபோர்ப்ஸ் 1846இல் ஆராய்ந்து எழுதினார். இப்பாறைகளிற் கிடைக்கும் அம்மோனைட்டுகள், லவ்கிராஃப்டின் கதுலுவுக்குத் தலை தந்த எண்காலிக்கு உறவினம்! அத்தகைய பழங்கடலின் மேல் நாம் குடியிருக்கிறோம். மனிதன் தோன்றுமுன் செழித்த காடுகள் நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியாகிக் கிடக்கின்றன. அங்கு வெட்டி எடுக்கும் வெண்களிமண் இங்கே சூளைகளில் வெந்து பீங்கானாகிறது. ஆழத்தில் கிடந்த தொன்மை, மேலே வந்து தேநீர்க் கோப்பையாகிறது. இதில் அஞ்சுவதற்கு என்ன இருக்கிறது?

தமிழில் அச்சத்தை எழுதியவர் இல்லாமலில்லை. இவ்வூரின் பெயரையே இயற்பெயராகக் கொண்ட சொ. விருத்தாசலம், அதாவது புதுமைப்பித்தன், லவ்கிராஃப்டின் காலத்தை ஒட்டியே வாழ்ந்தவர் (1906 - 1948). திருப்பாதிரிப்புலியூரில் பிறந்தவர். கடல்கொண்ட நகரை வைத்துக் 'கபாடபுரம்' எழுதினார். 1943இல் வெளிவந்த 'காஞ்சனை'யில், வந்தது பேயா, மனப்பிரமையா என்று இறுதிவரை தீர்க்காமலே விட்டார். அங்கே அச்சம் வேற்றினத்தார் வடிவில் வரவில்லை. மனைவியின் இரக்கத்தின் வழியே, பிச்சை கேட்டு வந்த ஒருத்தியாக வீட்டுக்குள் நுழைகிறது. அஞ்சுகிறவன் யாரையும் இழிவுபடுத்தவில்லை. தன் அறிவின் எல்லையைத்தான் உணர்கிறான். அறிவுக்கு எல்லையுண்டு என்பது வேறு. அறிவு அழிவு தரும் என்பது வேறு. லவ்கிராஃப்ட் இவ்விரண்டையும் குழப்பிக் கொண்டார். புதுமைப்பித்தன் குழப்பவில்லை.

மூழ்கும் நகரத்தைத் தீயதென்று ஒதுக்க வேண்டியதில்லை. பதிவேட்டைப் புரட்டவும், தெருவைத் தேடவும், இரு தரப்பையும் கேட்டுத் தீர்ப்பளிக்கவும் அது பழக்குகிறது. பழைய பகைமையை வெளிப்படையாகக் கண்டிக்கிறது. இவை நற்பண்புகள். அதன் தோல்வி, தான் இரவல் வாங்கிய தத்துவத்தைக் கடைசிவரை கேள்வி கேட்கத் துணியாததில் உள்ளது. ஏதிலிகளைப் பற்றிய பொய்யை மறுத்தவர்கள், மனிதச் செயல் வீண் என்ற பொய்யையும் மறுத்திருக்கலாம். 2022இல் தம் நகரின் மீதே போர் வந்து விழுந்த பின்னும் அதே கலைஞர்கள் பணியை விடாது, ஹோம்ஸைக் கதுலுவுக்கு எதிரே நிறுத்தும் தம் பழைய விளையாட்டைப் புதுக்கி 2023இல் வெளியிட்டார்கள். செயல் வீண் என்று உண்மையில் நம்புவோர் செய்யக் கூடிய வேலை அன்று அது. அவர்களுடைய வாழ்க்கை அவர்களுடைய விளையாட்டை விட நல்ல முடிவைக் கொண்டிருக்கிறது.