மஞ்சள் மட்டும் ஏறிய தாள்

சிவகாசிக்கு அருகிலுள்ள வெம்பக்கோட்டை மேட்டில் 2022இல் தொடங்கிய அகழாய்வில் சங்கு வளையல்கள் நிறையக் கிடைத்தன. அவற்றில் வேலை முடியாமல் நின்றவைதான் ரசிகனைப் பிடித்து நிறுத்தும். சங்கை அறுத்த கை எந்த இடத்தில் ஓய்ந்தது என்பதை அவற்றில்தான் பார்க்க முடிகிறது. இந்த வட்டாரத்து ஆலைகளின் பட்டாசுப் பெட்டிகளுக்குச் சிவகாசியில் கணினியில் டிசைன் போடுகிறவர்களிடமும் அந்தப் பாதி வேலையைப் பார்க்கவே மனம் விரும்புகிறது. முடிந்த படம் ஒன்றை வாட்ஸ்அப்பில் அனுப்பி ஒப்புதல் வாங்குபவர் திறமைசாலியாக இருக்கலாம். ஆனால் பென்சில் ரஃப், கைவிட்ட யோசனைகள், கைவிட்ட காரணம் என எல்லாவற்றையும் ஆர்டர் கொடுத்த பார்ட்டியின் எதிரில் பரப்புகிறவரையே தேர்ந்த கலைஞர் என்பேன்.

ஒரு புஸ்வாண லேபிளின் நிறம் பிரித்த புரூப்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். முதல் தாளில் மஞ்சள் மட்டும். தீப்பொறி இருக்குமிடம் வெளிறிய பூவாகத் தெரியும். அதன்மேல் மஜெண்டா ஏறியதும் ஓரங்கள் செம்மஞ்சளாகி, பூவுக்குச் சூடு வந்துவிடும். சயான் ஏறும்போது பின்னால் இரவு விழும். கறுப்பு அந்த இரவுக்கு ஆழம் தரும். பொறியின் நடுவில் மட்டும் எந்த மையும் படாத வெள்ளைத்தாள் அப்படியே விடப்பட்டிருக்கும். லேபிளின் வெளிச்சமே அந்த வெறுந்தாள்தான். இதைப் பார்த்த பார்ட்டி "அங்கேயும் கொஞ்சம் மஞ்சள் போடுங்கள்" என்று கேட்கமாட்டார். செல்போன் திரையில் ஒளியால் மினுங்கிய ஆரஞ்சு, மையில் ஏன் அடங்கிப்போகிறது என்பதும் அவருக்குத் தானாகவே விளங்கிவிடும்.

உள்வேலையைக் காட்டினால் வாடிக்கையாளர் கைவைப்பார் என்பது பழைய பயம். கைவைப்பவர் எப்படியும் வைப்பார். நாலு நிறத்துக்கும் அச்சுப் பிளேட் போட்ட பிறகு வைப்பதைவிட ரஃபிலேயே வைப்பது இருவருக்கும் லாபம். போட்டியாளர் திருடிவிடுவார் என்பார்கள். கடைக்கு வந்த லேபிளை யாரும் பார்த்துப் போடலாம். ஏன் அந்த இடம் வெள்ளையாக விடப்பட்டது என்ற யோசனையைப் பார்த்துப் போட முடியாது. மர்மம் கலைந்தால் மதிப்புக் குறையும் என்போருக்குக் கோவில்பட்டி ஓவியர் சி.கொண்டையராஜுவை (1898–1976) நினைவூட்டலாம். நாடகத் திரைகள் எழுதிய அந்தக் கை, காலண்டர் தெய்வங்களுக்கு முகம் கொடுத்தது. அவர் படங்கள் பலவற்றில் டி.எஸ்.சுப்பையா போன்ற சீடர்களின் பெயரும் சேர்ந்தே அச்சாகியிருக்கும். இந்தப் படத்தில் இன்னொரு கையும் உண்டு என்று படத்திலேயே எழுதிக் காட்டினார். அதனால் அவர் புகழ் தேயவில்லை.

இப்போது புரூப் தாளைக் கையில் வாங்கி, கண்ணருகே பிடித்துப் பார்க்கும் பழக்கம் அருகிவருகிறது. இணையத்தில் எடுத்த ஒரே தீப்பொறிப் படம் பத்துப் பெட்டிகளில் வெடிக்கிறது. பார்க்கத் தெரிந்த வாடிக்கையாளர் குறைந்தால் வரையத் தெரிந்தவரும் குறைவார். ஆடிப்பெருக்கன்று சிவகாசி அச்சகத்தார் வெளியிடும் மாதிரிக் காலண்டர் ஆல்பத்தில் ஒரு படத்துக்காவது இப்படி நாலு புரூப் தாள்களையும் சேர்த்துக் கட்டட்டும். ஆர்டர் கொடுக்க வருகிறவர் முதலில் அந்த மஞ்சள் தாளைப் புரட்டிப் பார்க்கட்டும்.