கை கேட்கும் மரம்

கைத்துப்பாக்கிப் பிடிக்கு மேற்கில் வால்நட்தான் மரம். அமெரிக்கப் படையின் 1911 மாதிரி கோல்ட் பிஸ்டலின் ஆரம்பகாலப் பிடிகளைக் கண்டவர்கள் மறக்கமாட்டார்கள். இரண்டு திருகாணிகளைச் சுற்றியும் வைர வடிவில் வெறும் மரம். மீதியெல்லாம் குறுக்கும் நெடுக்குமாகக் கீறிய சொரசொரப்பு. வியர்த்த கை வழுக்கக்கூடாது என்று கீறியது, பார்வைக்கும் விருந்தாகிவிட்டது.

இலங்கையில் இந்தத் தொழில் செழிக்க வழியில்லை. 1916ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச் சட்டம் அப்படி. அதில் எனக்கு வருத்தமும் இல்லை. ஆனால் பிடிக்கென்றே பிறந்த மரம் திருகோணமலையின் பெயரிலேயே இருக்கிறது. நாங்கள் சவண்டலை என்போம், சிங்களத்தில் ஹல்மில்ல. ஆங்கிலேயருக்கு அது ‘ட்ரிங்கோமலி வுட்’. இந்தத் துறைமுகத்திலிருந்து சென்னைக்குப் போய், கரையில் அலையோடு மோதும் மசூலாப் படகுகளுக்குப் பலகையானது. வண்டிகளுக்கும் எண்ணெய்ப் பீப்பாய்களுக்கும் போனது. அடி வாங்கினால் வளைந்து கொடுக்கும், பிளக்காது. (‘ட்ரிங்கோமலி’ என்று 1817இல் பம்பாயில் கட்டிய போர்க்கப்பல் முழுக்கத் தேக்கு. பெயர் மட்டும்தான் எங்களுடையது.)

மரத்தைக் கண்ணால் தெரிவு செய்கிறவர்கள் சவண்டலையைத் தாண்டிப் போய்விடுவார்கள். கருங்காலி கண்ணாடிபோல் மினுங்கும், தண்ணீரில் போட்டால் தாழும், கையில் வைத்தால் அதன் கனமே ஒரு கௌரவம். ஆனால் நொறுங்கும் குணமுள்ளது. திருகாணித் துளையருகே ஓர் அதிர்ச்சி போதும், வெடிப்பு ஓடிவிடும். முதிரையின் பொன்னிறத்தில் வெளிச்சம் நாடாநாடாகப் புரளும். அந்தப் புரளலுக்குக் காரணம் பின்னிக்கிடக்கும் நார். சீவுளி ஒரு பக்கம் வழுக்கிப் போகும், மறுபக்கம் பிய்த்தெடுக்கும். அதன் தூள் பட்டால் சிலருக்குத் தோல் அரிக்கும். சவண்டலையோ செம்பழுப்பு, நேர்நார், ஆடம்பரம் கிடையாது. கோடாலிக்கும் வாச்சிக்கும் பிடி போடுகிற ஓடாவி அலங்கார ரேகையைத் தேடமாட்டார். நார் தலையிலிருந்து நுனிவரை அறுபடாமல் ஓடுகிறதா என்றுதான் பார்ப்பார். என் கட்சியும் அதுவே.

நல்ல பிடியின் வேலை வெளியே தெரியாத பக்கத்தில் தொடங்குகிறது. ஒரே கட்டையை நடுவே பிளந்து இரண்டு வில்லைகள் எடுத்தால் ரேகைகள் இடமும் வலமும் ஒன்றையொன்று பார்த்தபடி அமையும். உட்புறம் இரும்போடு படியவேண்டும். பிஸ்டலின் சட்டகத்தில் விளக்குக்கரி பூசி, வில்லையை அழுத்தி எடுத்தால் கரி ஒட்டிய இடம் மேடு. அதை மட்டும் உளியால் சுரண்டி, மறுபடி அழுத்தி, மறுபடி சுரண்டி, கரி எங்கும் ஒரே சீராக ஒட்டும்வரை பொறுமை காக்கவேண்டும். அதற்குப் பிறகுதான் வெளிவளைவு. சொரசொரப்புக் கீறும் சிற்றுளிக்கு இரண்டு வரிசைப் பற்கள்: ஒன்று முன்பு வெட்டிய பள்ளத்தில் ஓடும், மற்றது பக்கத்தில் அடுத்த பள்ளத்தை வெட்டும். முதல் கோடு கோணினால் அந்தக் கோணல் கடைசிக் கோடுவரை கூடவே வரும். கீறுவதற்கு முன்பே ஈரத்துணியால் துடைத்தால் நார் மயிராக எழும். காயவைத்துத் தேய்த்து, ஆளிவிதை எண்ணெயை மெல்லிசாக, நாள்விட்டு நாள் பூசலாம். வார்னிஷை நான் ஏற்கமாட்டேன். கைக்கும் மரத்துக்கும் நடுவில் மூன்றாம் ஆள் எதற்கு?

எங்கள் ஊருக்கென்று ஒரு சங்கடம் உண்டு. கச்சான் வீசும் மாதங்களில் மரம் சுருங்கும். வாடைக்காற்றோடு மாரி வந்தால் ஊதும். கச்சானில் இறுக்கமாகப் பொருத்திய வில்லை மாரியில் இரும்பை நெருக்கி, தானே வெடிக்கும். மயிரிழை இடைவெளி விட்டுப் பொருத்தத் தெரிந்தவரே கைகாரர்.

இயற்கைக் காடுகளில் வெட்டுமரம் எடுப்பதை அரசு 1990இல் நிறுத்தியது. வைரம் பாய்ந்த பழைய கட்டைக்கு இன்று இடித்த வீடுகளின் தீராந்தியையும் கதவுநிலையையும்தான் தேடவேண்டும். அது குறையல்ல. எத்தனையோ கச்சானையும் மாரியையும் கண்டு அடங்கிய மரம் அது. ஆணியேறிய இடத்தில் மட்டும் துருக்கறை கறுத்திருக்கும். தச்சர்கள் அதை வெட்டித் தள்ளுவார்கள். நானானால் பெருவிரல் படியும் இடத்துக்கு அந்தத் துண்டைத்தான் கேட்பேன்.