வேதிகை எழுந்திருக்கவில்லை

பாபநாசத்துக்குத் தெற்கே சில மைல் தூரத்தில், வெட்டாற்றின் கரையில் திருக்கருகாவூர் இருக்கிறது. பிள்ளை வேண்டுகிறவர்கள் அம்மன் சன்னதியில் நெய்யும், கர்ப்பிணிகள் சுகப்பிரசவத்துக்கு விளக்கெண்ணெயும் வாங்கிக்கொண்டு போவார்கள். கர்ப்பரட்சாம்பிகை என்ற பெயருக்கே கருவைக் காப்பவள் என்றுதான் பொருள். கோயிலின் மகிமையைப் பற்றி எழுத எனக்கு அருகதை இல்லை. கதை எழுதுகிறவன் என்ற முறையில் அந்த ஸ்தலத்தின் கதையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல ஆசை.

நிருத்துவ முனிவர் வெளியே போயிருக்கிறார். கர்ப்பிணியான மனைவி வேதிகை தனியாக, அசதியில் கிடக்கிறாள். ஊர்த்துவபாதர் என்ற முனிவர் பிச்சைக்கு வந்து குரல் கொடுக்கிறார். அவள் எழுந்து வரவில்லை. தம்மை அவமதித்தாள் என்று அவர் சபித்துவிட, கரு கலைகிறது. அவள் கதறுகிறாள். அம்பிகை அந்தக் கருவை ஒரு குடத்தில் வைத்துக் காத்து, நைத்துருவன் என்ற குழந்தையாக்கிக் கொடுக்கிறாள். குழந்தையின் பாலுக்குக் காமதேனுவே வருகிறது.

சிறு வயதில் பாட்டி இதைச் சொன்னபோது, "ஏன் பாட்டி அவ எழுந்திருக்கலே?" என்று கேட்டேன்.

"முடியலேடா. முடிஞ்சா எழுந்திருக்க மாட்டாளா?" என்றாள் பாட்டி. பதினொன்று பெற்று நாலைப் பறிகொடுத்தவள் அவள். இந்தக் கதைக்கு இதைவிட நல்ல விமர்சனத்தை நான் இன்றுவரை கேட்கவில்லை.

ஒரு பெண்ணின் களைப்பைத் திமிர் என்று நினைத்துவிட்டதால் வந்த விபரீதம் இது. கதையைக் கட்டியவனுக்கு அது தெரிந்திருக்கிறது; அம்பிகையை வேதிகையின் பக்கம் நிறுத்தியிருக்கிறான். ஆனால் குழந்தை கையில் வந்ததும் அவளை மறந்துவிடுகிறான். கருவுக்குக் குடம் கிடைத்தது, குழந்தைக்குப் பால் கிடைத்தது. அவள் பிறகு நன்றாகத் தூங்கினாளா, ஆசிரம வாசலில் குரல் கேட்கும்போதெல்லாம் நடுங்கினாளா என்று கேட்க ஆளில்லை.

காவேரிக் கரையிலேயே இன்னொரு பிரசவக் கதையும் இருக்கிறது. திருச்சியில் ரத்னாவதி பிரசவத்துக்குக் காத்திருக்கிறாள். பூம்புகாரிலிருந்து வரவேண்டிய தாய், ஆற்றில் வெள்ளம் வந்ததால் அக்கரையிலேயே தங்கிவிடுகிறாள். மலைமேலிருக்கும் சிவன் அந்தத் தாயின் உருவத்திலேயே வந்து பிரசவம் பார்க்கிறார். வெள்ளம் வடிந்து உண்மைத் தாய் வரும்வரை கூடவே இருக்கிறார். இதனால்தான் அவர் தாயுமானவர். கதை என்ற அளவில் இதுவே உயர்ந்தது என்பது என் கட்சி. இங்கே தெய்வம் குழந்தையைக் காப்பதோடு நிற்கவில்லை. பெற்றவளுக்குத் துணையாக வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துவிடுகிறது. ஒரு குறை மட்டும் உண்டு. புருஷன் தனகுப்தன் அந்த இரவு எங்கே நின்றான், என்ன நினைத்தான் என்று நான் கேட்ட கதையில் ஒரு வார்த்தை இல்லை.

புராணக்காரர்களைக் குறை சொல்லும் நாங்கள் என்ன கிழித்துவிட்டோம்? எங்கள் நாவல்களில் கதாநாயகிக்குக் குழந்தை பிறந்தால் அத்தியாயம் முடிந்துவிடும். 'தாயும் சேயும் சௌக்கியம்' என்று ஒரு தந்தி வந்தால் போதும். நானும் அப்படி எழுதியவன்தான்.

அதை எழுதிய வாரம் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. தலைப்பிரசவத்துக்குப் பிறந்தகம் போயிருந்த என் மனைவியைப் பார்க்கப் போனேன். "குழந்தையைப் பார்த்தா பயமா இருக்கு. ராத்திரியெல்லாம் மூச்சு வருதான்னு பார்த்துண்டே இருக்கேன்" என்றாள். "அசடு, எல்லாருக்கும் அப்படித்தான்" என்று சொல்லிச் சிரித்துவிட்டு, திண்ணைக்கு வந்து தொட்டில் காட்சியை எழுதி முடித்தேன். எனக்கும் அந்த நாட்களில் தூக்கமில்லை. விடிய விடியக் கடனைக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அதை அவளிடமும் சொல்லவில்லை, எழுதவும் இல்லை. கடைசியில் அவளுடைய அத்தை ஒருத்தி வந்து, ராத்திரி வேளையில் குழந்தையைத் தன் பக்கத்தில் போட்டுக்கொண்டாள். அவள் தேறி வர ஆறு மாதம் ஆயிற்று.

அமெரிக்காவில் ஷார்லட் பெர்க்கின்ஸ் கில்மன் என்ற பெண்மணி 1892-லேயே இதை எழுதிவிட்டார். 'மஞ்சள் சுவர்க் காகிதம்' என்ற அவருடைய கதையில், குழந்தை பெற்ற ஒருத்தியை ஓய்வு என்ற பேரில் கணவன் ஓர் அறைக்குள் முடக்குகிறான். அவள் சித்தம் கலங்குகிறது. அந்த வைத்தியத்தை அனுபவித்த பிறகே கில்மன் அதை எழுதினார்.

வைத்தியர்களும் எங்களை முந்திவிட்டார்கள். 1987-ல் எடின்பரோவில், கடந்த 7 நாட்களின் மனநிலையை அறிய 10 கேள்விகள் கொண்ட ஒரு பட்டியலைத் தயாரித்தார்கள். அது தமிழிலும் வந்திருக்கிறது. வேலூர்ப் பக்கத்துக் கிராமங்களில் பிரசவித்த பெண்களைப் பற்றி 2002-ல் வெளிவந்த ஆராய்ச்சி, அவர்களில் 100-க்கு 11 பேருக்குப் பிரசவத்துக்குப் பின் மனச்சோர்வு புதிதாக வந்தது என்றது. காரணங்கள் நாம் அறிந்தவைதான்: வறுமை, பிள்ளையை எதிர்பார்த்திருக்கப் பெண் பிறப்பது, மாமியாரோடு மனஸ்தாபம், கைவேலைக்கு உதவ ஆளில்லாமை. தகப்பன்மாரிலும் சுமார் 10-ல் ஒருவருக்கு இந்தச் சோர்வு உண்டு என்று 2010-ல் பல நாட்டு ஆராய்ச்சிகளைத் தொகுத்துச் சொன்னார்கள்.

பெற்ற சில நாள் காரணமில்லாமல் அழுவது பலருக்கும் உண்டு. அது தானே போய்விடும். இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் வைத்தியரிடம் போகவேண்டும். நம் பாட்டிகள் 'பிரசவ சன்னி' என்று சொன்ன புத்தித் தடுமாற்றம் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பேருக்கே வரும். ஆனால் வந்தால் ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது. குணப்படுத்தக் கூடியவைதாம் இவை எல்லாம்.

'கைவேலைக்கு உதவ ஆளில்லாமை' என்ற இடத்தில் எனக்குத் தாயுமானவர் ஞாபகம் வந்தார். கூடவே அந்த அத்தையும். அவளை வைத்து நான் ஒரு வரி எழுதியதில்லை. அடுத்த நாவலில் எழுதப் பார்க்கிறேன். வாசகர்கள் அதுவரை காத்திருக்க வேண்டாம். குழந்தை பார்க்கப் போகும்போது, வாங்கிப்போன சட்டையைக் கொடுப்பதற்கு முன்னால், "நீ தூங்கினாயாம்மா?" என்று பெற்றவளைக் கேளுங்கள். திரும்பும்போது திண்ணையில் இருப்பவனையும் ஒரு வார்த்தை விசாரியுங்கள்.