பத்துக்குப் பத்து அறையில் பிறக்கும் பாட்டு

இஸ்லாமியத் தமிழ்ப் பாடல் இசைத்தட்டில் வளர்ந்து, ஒலிநாடாவில் ஊர் ஊராகப் பரவி, இன்று வீட்டின் பின்னறைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. ஒரு கணினி, ஓர் ஆடியோ இன்டர்ஃபேஸ், ஓர் ஒலிவாங்கி, ஒரு ஹெட்போன் இருந்தால் போதும். பாடலைப் பதிவு செய்து உலகுக்கு அனுப்பிவிடலாம். இவ்வசதியை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும், அவ்வறைகளிலிருந்து வரும் பாடல்களைப் பாட்டு என்ற அளவில் மட்டுமன்றி ஒலி என்ற அளவிலும் மதிப்பிட்டுப் பார்க்கும் விமர்சனம் நம்மிடையே இன்னும் உருவாகவில்லை. திருவண்ணாமலையில் ஒரு வீட்டறையில் பதிவான நான்கு பாடல்கள் அண்மையில் நம் கைக்கு வந்தன. பாடியவரின் பெயர் இங்குத் தேவையில்லை. குரல் நல்ல குரல், பாட்டும் பழுதில்லை. குறையெல்லாம் பதிவில்தான்.

வீட்டுப் பதிவு என்றாலே தரம் தாழ்ந்தது என்று கருதுவோர் ஏ.ஆர். ரஹ்மானை நினைத்துப் பார்க்க வேண்டும். கோடம்பாக்கத்தில் தம் வீட்டை ஒட்டி 1989இல் அவர் அமைத்த 'பஞ்சதன் ரெக்கார்ட் இன்' அவருடைய இசை வாழ்வின் அடித்தளமாயிற்று. விளம்பர இசையும், 1992இல் வெளிவந்த 'ரோஜா'வும் அந்தக் காலகட்டத்தின் விளைச்சல். 'ரோஜா'வுக்கு முன்பே அவர் 'தீன் இசை மாலை' என்னும் இஸ்லாமியப் பாடல் தொகுப்புக்கு இசையமைத்தவர் என்பதை நம்மில் பலர் மறந்துவிட்டோம். வாடகைக் கூடத்தில் மணிக்கணக்குப் பார்த்துப் பாட வேண்டிய நெருக்கடி, சொந்தக் கூடத்தில் இல்லை. ஒரே வரியை நூறு முறை பாடிப் பார்க்கலாம். கூடவே எச். ஸ்ரீதர் போன்ற தேர்ந்த ஒலிப்பொறியாளரின் செவியும் அவருக்குத் துணை நின்றது. வீட்டுக் கூடத்தின் உண்மையான செல்வம் பொழுதும் செவியும்; கருவிகள் அவற்றுக்குப் பின்னரே வருகின்றன.

நம் வீடுகளின் அறை பெரும்பாலும் பத்துக்குப் பத்து. கூரையும் பத்தடியை நெருங்கினால் ஏறத்தாழ ஒரு கனசதுரம் கிடைத்துவிடும். இசைப்பதிவுக்கு இதைவிட ஒவ்வாத வடிவம் அரிது. பத்தடி இடைவெளியில் எதிரெதிரே நிற்கும் சுவர்களுக்கிடையே ஏறத்தாழ 57 ஹெர்ட்ஸிலும், அதன் மடங்குகளான 114, 171 ஹெர்ட்ஸிலும் ஒலி தேங்கி நின்று பெருகும். நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒன்றாயிருந்தால் மூன்று தேக்கங்களும் ஒரே இடத்தில் குவிகின்றன. ஒரு கட்டைச் சுருதியில் பாடும் ஆண்குரலின் சுத்த மத்தியமம் 175 ஹெர்ட்ஸ் அளவில் அமைகிறது. நாம் கேட்ட முதற்பாடலில் பாடகர் மத்தியமத்தைத் தொடும்போதெல்லாம் குரல் குடத்துக்குள்ளிருந்து வருவதுபோல் வீங்கியது. அது அவர் தொண்டையின் குற்றமன்று. அறை அவரோடு சேர்ந்து பாடியிருக்கிறது.

இதற்கு முட்டை அட்டைகளைச் சுவரில் ஒட்டும் வழக்கம் ஒன்றுண்டு. மெல்லிய அட்டை இத்தகைய தாழ்ந்த ஒலியை ஒன்றும் செய்யாது. 114 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் மூன்று மீட்டர். அதனைத் தடுக்கப் பஞ்சுப்பொருள் நல்ல கனத்தில் இருக்க வேண்டும். இலவம்பஞ்சு மெத்தைகள் இரண்டை அறையின் மூலைகளில் நிறுத்துவதும், பாடுவோர் அறையின் நட்டநடுவில் நில்லாமல் சற்று விலகி நிற்பதும் அட்டையைவிடப் பயன்தரும். துணிகள் நிறைந்த அலமாரிகூட ஓரளவு உதவும்.

அடுத்தது சூழலின் இரைச்சல். கார்த்திகை தீபத்தின்போதும் பௌர்ணமி இரவுகளிலும் பதினான்கு கிலோமீட்டர் கிரிவலப் பாதை மக்களால் நிரம்பும் ஊர் அது. பேருந்து, ஒலிபெருக்கி, வணிகர் கூவல் எல்லாம் சன்னல் வழியே உள்ளே வரும். அவற்றுக்கு அஞ்சிச் சன்னலை அடைத்தால் வெயில். வெயிலுக்கு அஞ்சி மின்விசிறியைச் சுழலவிட்டால் அதன் ஓசை. கலவையின்போது கம்ப்ரஸரைக் கொண்டு குரலைச் சமன்செய்து 12 டெசிபல் உயர்த்தினால், சொற்களுக்கிடையே பதுங்கியிருந்த விசிறியும் அதே அளவு உயர்ந்துவிடுகிறது. இரண்டாம் பாடலில் ஒவ்வோர் அடி முடிவிலும் அது மூச்சிரைக்கிறது. இஷாவுக்குப் பின்னும் ஃபஜ்ருக்கு முன்னும் உள்ள அமைதியைப் பயன்படுத்தி, பாடும் அந்த ஐந்து நிமிடமேனும் விசிறியை நிறுத்தியிருக்கலாம்.

இவற்றைவிட நம்மை உறுத்தியது வேறொன்று. மூன்றாம் பாடலில் ரிவெர்பை வாரி இறைத்திருக்கிறார்கள். பெரிய பள்ளிவாசலின் கும்மட்டத்தடியில் பாடுவதுபோன்ற மயக்கத்தை உண்டாக்குவது நோக்கமாகலாம். ஆனால், ஒரு சொல்லின் வால் அடுத்த சொல்லின் தலையை மூடிவிட, நபிகளாரின் மீதான ஸலவாத்தே தெளிவின்றிப் போய்விட்டது. எழுத்துகள் பிறக்குமிடங்களைத் தொல்காப்பியம் ஒரு தனி இயலாகவே வகுத்தது. எட்டாம் நூற்றாண்டின் கலீல் இப்னு அஹ்மது, தொண்டையில் பிறக்கும் எழுத்துகளில் தொடங்கி அரபு அகராதியை வரிசைப்படுத்தினார்; அவர் மாணவர் ஸீபவைஹி மக்ரஜ்களைப் பதினாறாக எண்ணினார். இவ்விரு மரபுகளுக்கும் உரிய நாம், ஸீனும் ஸாதும் பிரியாமல், லகரமும் ழகரமும் குழைந்து வரும் ஒலியைப் பக்திப் பரவசம் என்று ஏற்க முடியுமா? எதிரொலி தொடங்குமுன் 20 முதல் 40 மில்லி வினாடி இடைவெளி விட்டிருந்தால் சொல் முதலில் வந்து சேர்ந்திருக்கும். அழகு பின்னால் வந்திருக்கும்.

நாகூர் இ.எம். ஹனீஃபாவின் (1925–2015) பதிவுகளை இங்கு எண்ணிப் பார்க்கிறோம். பழைய நாடாக்களில் இரைச்சல் உண்டு, குறை உண்டு. ஆனால் ஒரு சொல்லும் தவறிப்போவதில்லை. இன்றோ, எண்ணெய் வளம் தேடும் நிலவதிர்வு ஆய்விலிருந்து வந்த ஒருவர் உருவாக்கி 1997இல் வெளியான ஆட்டோடியூன், சுருதி விலகலைத் திருத்துவதாகச் சொல்லிக் குரலின் குழைவையும் துடைத்துவிடுகிறது. மூன்றாம் பாடலின் ஆலாபனையில் அதன் கைவரிசை அப்பட்டமாகத் தெரிகிறது.

ஓசையை உச்சத்துக்கு ஏற்றும் ஆசையும் வீண். யூடியூப் போன்ற தளங்கள் ஏறத்தாழ மைனஸ் 14 எல்.யு.எஃப்.எஸ். அளவைத் தாண்டும் பாடலைத் தாமே தணித்துவிடுகின்றன. நசுக்கிய பாடல் நசுங்கியதாகவே நிற்கும், பெரிதாகக் கேட்காது. கைபேசியின் சிற்றொலிப்பானில் தாழ்ந்த அதிர்வுகள் பெரும்பாலும் கேட்பதேயில்லை என்பதையும் நினைவிற்கொண்டால், முரசொலிக்கு இத்தனை இடம் கொடுத்துக் குரலைப் பின்தள்ளியிருக்க வேண்டாம்.

நான்காம் பாடல் மட்டும் வேறு. தஃப் ஒன்றே துணை. பாடகர் ஒலிவாங்கிக்கு ஒரு சாண் தொலைவில் நின்றிருக்கக்கூடும். குரல் நம் எதிரே அமர்ந்து பேசுவதுபோல் இருக்கிறது. ரிவெர்ப் சிறிதளவே. ஸலவாத்துக்கு முன் அவர் எடுக்கும் மூச்சைப் பதிவாளர் வெட்டவில்லை. நடுவே எங்கோ தொலைவில் ஒரு பேருந்தின் ஒலிப்பான் மெலிதாகக் கேட்கிறது. அதையும் அப்படியே விட்டிருப்பது நன்று.