கடைசி வீட்டு பிளேயரிலும் ஓடும் டிவிடி

கல்யாண டிவிடி கையில் கிடைத்தால் நான் முதலில் கணினியில் போட்டு, அந்த டிஸ்க்குக்கு என்ன பெயர் வைத்திருக்கிறார்கள் என்றுதான் பார்ப்பேன். 'எஸ்_எம்_2009_டி1' என்று ஆங்கிலப் பெரிய எழுத்தில், இடைவெளி இல்லாமல், 11 இடத்துக்குள் முடிந்திருந்தால் மனசு நிறைந்துவிடும். மணமக்களின் முதலெழுத்து, வருஷம், எத்தனையாவது டிஸ்க். வேறென்ன வேண்டும்? இப்படிப் பெயர் வைத்தவர் உள்ளேயும் ஒழுங்காகத்தான் வேலை செய்திருப்பார்.

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குப் போகும் சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸின் முகப்பு வளைவு இன்னும் நிற்கிறது. 1956-ல் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' படத்தை வண்ணத்தில் எடுத்த நிறுவனம் அது. அந்தச் சாலை வழியாகத்தான் பின்னாளில் கல்யாண டிவிடிகளும் மலையேறின. 20 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி, ஒண்டிக்கடையையும் கடந்து, நாகலூருக்கும் மஞ்சக்குட்டைக்கும் போய்ச் சேர வேண்டிய டிஸ்க் அது. அங்கே காத்திருப்பது அரசு கொடுத்த 14 அங்குல கலர் டிவியும், பெயர் தெரியாத கம்பெனியின் பிளேயரும். படம் வரவில்லை என்றால் அதைச் சொல்வதற்கே ஒருவர் பஸ் பிடித்துக் கீழே இறங்க வேண்டும். நல்ல கைகாரர் அந்தக் கடைசி வீட்டு பிளேயரை நினைத்துத்தான் டிஸ்க் ரைட் பண்ணுவார்.

பெயரின் நீளத்துக்குக் கணக்கு உண்டு. ஐஎஸ்ஓ 9660 என்ற கோப்பு அமைப்பின் விதிப்படி 32 இடம். பெரிய எழுத்து, எண், அடிக்கோடு மட்டுமே செல்லும். அதே டிஸ்க்கிலுள்ள யூடிஎஃப் அமைப்பில் 32 பைட்டில் இரண்டு நிர்வாகத்துக்குப் போக, மிச்சம் 30. ஐஎஸ்ஓவின் நீட்டிப்பான ஜோலியட்டையும் சேர்த்தால் 16-தான். விதியை மீறிய பெயரை எந்த பிளேயர் பொறுத்துக்கொள்ளும், எது திணறும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. தமிழில் பெயர் வைக்கும் ஆசையும் இங்கே முட்டி நிற்கும். 'திருமண வரவேற்பு' கண்ணுக்கு 9 எழுத்து. யூனிகோடில் கொம்பும் புள்ளியும் தனித்தனி இடம் கேட்பதால், இடைவெளியோடு 15. யூடிஎஃப்பில் தமிழுக்குக் கிடைப்பதும் சரியாக 15. ஐஎஸ்ஓ பக்கம் ஒன்றுகூட நுழையாது. ஆகவே பெயர் ஆங்கிலத்தில் சுருக்கமாக இருக்கட்டும். மெனு ஒரு படம். அதில் தமிழை ஆசைதீர எழுதலாம்.

உள்ளே போனால் இன்னும் அழகு. வீடியோ_டிஎஸ் ஃபோல்டரில் எந்தக் காட்சி எங்கே இருக்கிறது என்று பிளேயருக்குச் சொல்வது ஐஎஃப்ஓ கோப்பு. பியுபி அதன் நகல். இரண்டும் டிஸ்க்கில் ஒட்டி உட்கார்ந்தால் ஒரே கீறலில் இரண்டுமே போய்விடும். பிழைதிருத்தம் 32 கிலோபைட் கட்டுகளாக நடப்பதால், இரண்டையும் வெவ்வேறு கட்டில் வைப்பதே முறை. பிள்ளைகள் தரையில் தேய்த்த டிஸ்க்கும் எழுந்து ஓடுகிறதென்றால், யாரோ ஒருவர் இதையெல்லாம் சரிபார்த்திருக்கிறார் என்று அர்த்தம்.

ஏற்காட்டில் எடுத்த படத்துக்கு இன்னொரு சோதனையும் உண்டு: பனிமூட்டம். லேடீஸ் சீட்டில் மணமக்களை நிறுத்தி எடுத்த காட்சியில், வெண்மை மெல்ல மெல்லச் சாம்பலாக மாறும் பரப்புதான் டிவிடியின் வீடியோ சுருக்கமுறையான எம்பெக்-2-க்குப் பெரும்பாடு. 4.7 ஜிபி டிஸ்க்கில் இரண்டு மணி நேரம் என்றால் நொடிக்கு 5 மெகாபிட்டுக்குச் சற்று மேல் கிடைக்கும். மூன்று மணி நேரத்தைத் திணித்தால் அது மூன்றரைக்கு இறங்கிவிடும். அப்போது பனி கட்டம் கட்டமாக உடையும். ஓமப்புகையும் பட்டுச்சேலையின் ஜரிகையும் கூடவே கலங்கும். செலவைப் பார்க்காமல் இரண்டு டிஸ்க்காகப் பிரித்துக் கொடுப்பவரை நான் மனதாரக் கும்பிடுவேன். பனி பனியாகவே தெரியும் ஒரு ஏற்காட்டு டிவிடி அபூர்வமான பொருள்.

மற்றவை சின்ன விஷயங்கள், ஆனால் விட முடியாதவை. விளிம்பு வரை நிரப்பாமல் கொஞ்சம் இடம் விடுவது, நிதானமான வேகத்தில் எழுதுவது, ஃபைனலைஸ் செய்யாமல் கையை விட்டுத் தராதது. காகித ஸ்டிக்கர் ஒட்டவே கூடாது. மலையின் ஈரத்தில் அது ஊறிச் சுருண்டு, சுழலும்போது டிஸ்க்கை ஆட்டும். பிரின்ட் செய்யத் தகுந்த வெள்ளை டிஸ்க்கே நல்லது.

இந்த டிஸ்க்குகளில் இருப்பது கரிமச் சாயப்பூச்சு. வெயிலும் ஈரமும் அதற்கு ஆகாது. உங்கள் வீட்டு பீரோவில் அப்படி ஒன்று இருந்தால் இந்த வாரமே வெளியே எடுங்கள். கோப்புகளை மட்டும் இழுத்துப் போடாமல், முழு டிஸ்க்கையும் ஐஎஸ்ஓ இமேஜாக ஹார்ட் டிஸ்க்கில் சேமியுங்கள். அப்போதுதான் அவர் வைத்த பெயரும், அடுக்கிய ஒழுங்கும் அப்படியே கூட வரும்.